கரகரப்பு நீக்கித் தரப்படும்

தம்பி, காதுல மாட்டியிருக்கறதச் சித்த கழட்டுங்க. ஒண்ணு கேக்கோணும். சீட்டு விசயமில்லீங்க, சன்னலோரம் நீங்களே உக்காருங்க, எனக்கு வெயிலு ஆகாது. அதுக்குள்ள என்னங்க ஓடுது, பாட்டுங்களா? தெளிவா வருதுங்களா, இல்ல கரகரன்னு வருதுங்களா?

தெளிவா வருது. பாத்தீங்களா, உங்க வாயாலயே சொல்லிட்டீங்க. ஒரு மனுசன் கேக்கற சாமானம்னு ஒண்ணு வாங்குனா, தெளிவா கேக்கோணும்னுதானுங்க வாங்குவான்? இல்லைங்கறாரு எம்பட மாப்பிள்ளை. கரகரன்னு வந்தாத்தான் அதுல உசுரு இருக்குதாமா. இதச் சொல்லிச் சம்பாதிக்கறாரு, அதுக்கு எம்பட பொண்ணக் கட்டிக் குடுத்திருக்கறேன். குடுத்தேன்னா நானெங்க குடுத்தேன், அதுகளே கட்டிக்கிச்சுங்க. நான் போயி அட்சதை போட்டேன்.

நீங்க எந்த ஊருங்க? திருப்பூரா. சரி, பக்கந்தான். நான் சிங்காநல்லூரு. பேரு ஆறுக்குட்டி. மில்லுல மெயின்டனன்ஸ் ஃபோர்மேனா இருந்து ரிட்டயர்டு ஆனவன். எந்த மில்லுன்னு கேக்காதீங்க, இப்ப அங்க கல்யாண மண்டபம் நிக்குது. வாழ்நாளு பூரா எனக்கு ஒரே சோலிதானுங்க, சத்தத்த ஒழிக்கறது. ஸ்க்ரூ டிரைவரு நுனிய மிஷின் மேல வெச்சு, கைப்பிடிய காதுல வெச்சேன்னு வெச்சுக்குங்க, எந்த பேரிங்கு போச்சு, எது போகப்போகுதுன்னு சொல்லிப்போடுவேன். சிரிக்காதீங்க. மில்லுன்னாலே சத்தந்தான், தெரியாமயா இருக்கறேன்? ஆனா அது ஆரோக்கியமான சத்தம். நான் சொல்றது சீக்கு புடிச்ச சத்தம். கொஞ்சம் இந்தப் பக்கமாப் பேசுங்க, எடது காத மில்லுக்கே குடுத்துட்டு வந்துட்டேன்.

எங்க உட்டேன்? ஆங், மாப்பிள்ளை.

போன வருசம் எம்பட ஊட்டுக்காரி போயிச் சேந்துட்டா. ஒரே பொண்ணு, சிந்துஜா, நான் அம்மிணின்னுதான் கூப்புடுவேன், மெட்ராஸ்ல இருக்குது. ஒண்டிக்கட்டையா எத்தன நாளைக்குங்க நானே சோறாக்கி நானே திங்கறது? ஒரு முடிவுக்கு வந்தேன். ரெண்டு பொட்டியக் கட்டுனேன். எங்க வீதி முக்குல ரங்கராசு டீக்கடைன்னு ஒண்ணு, அங்க இருந்த அத்தன பேருக்கும் டீ வாங்கிக் குடுத்து, "ஏப்பா, நான் போறேன், இனி கடைசி வரைக்கும் அம்மிணி ஊட்டுலதான், ஆரும் தேடாதீங்க"ன்னு சொல்லிப்போட்டு ரயிலேறுனனுங்க. ரங்கராசு கண்ணுல தண்ணி வந்துருச்சு. இல்ல, அடுப்புப் பொகையான்னு தெரியல.

அம்மிணிகிட்ட அப்படிச் சொல்லலீங்க. பத்து நாளைக்கு வர்றேன்னுதான் போன்ல சொன்னேன். எடுத்தவுடனே கடைசி வரைக்கும்னா புள்ள பயந்துக்கும் பாருங்க. போயி இருந்துட்டா, பெத்த அப்பனைப் போன்னு ஆருங்க சொல்லுவாங்க? அதுவும் நான் சும்மா உக்காந்து திங்கறவனில்ல. நாலு சாமானத்தச் சரி பண்ணிக் குடுத்தா, இந்தாளு இருக்கறதும் நல்லதுதான்னு ஒரு எண்ணம் வருமல்ல? பொட்டியில ஒண்ணு துணிமணி. இன்னொண்ணு பூரா டூல்ஸுதான்.

போன அன்னிக்கே சமையல்கட்டுக் குழாயி சொட்டுனத நிறுத்துனேன். மறுநாளு பாத்ரூம் கதவு கிறீச்சுன்னு கத்துச்சு, ரெண்டு சொட்டு எண்ணெ, அடங்கிருச்சு. ஃபேனு லொடலொடன்னுச்சு, கழட்டி மாட்டுனேன். "அப்பா வந்துதானுங்க இது ஊடு மாதிரியே இருக்குது"ன்னு அம்மிணி சொல்லுச்சு. ஆமாங்க, அதே வார்த்தை. எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. இங்கதான் இனி நம்ம காலம்னு அன்னிக்கே நெனச்சுக்கிட்டேன்.

அந்த ஊட்டுல பின்னால ஒரு ரூமு. சாத்தியே இருக்கும். அதுதான் ஸ்டுடியோவாமா. மாப்பிள்ளை, பேரு நவநீதன், சினிமாவுக்குச் சத்தம் பண்றவரு. பாட்டு இல்லீங்க, பாட்டுன்னாக்கூட நாலு பேருகிட்டச் சொல்லலாம். வெறும் சத்தம். கதவு சாத்தற சத்தம், மழை பெய்யற சத்தம், கெழவன் நடக்கற சத்தம். அதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு சங்கம், அதுக்கு ஒரு கார்டு. சரி, எப்படியும் பெரிய பெரிய மிஷினெல்லாம் இருக்கும்னு நெனச்சு, ஒரு நாளு காப்பி குடுக்கற சாக்குல உள்ள போனேன்.

அட கெரகமே! தம்பி, அது ஸ்டுடியோ இல்லீங்க, பழைய இரும்புக்கடை.

ஒரு எவர்சில்வர் கொடம், எங்க ஊட்டுக்காரி சீருக்குக் குடுத்தது. அதுக்குள்ள ஒரு சின்ன ஸ்பீக்கரு, பழைய டிரான்சிஸ்டர்ல இருந்து புடுங்குனது, காகிதம் கிழிஞ்சு தொங்குது. கொடத்து வாயில ஈர வேட்டிய மூடி வெச்சிருக்கறாரு. அக்கட்டால ஒரு பிஸ்கட்டு டின்னு, துரு ஏறுனது, அதுக்குள்ள மைக்கு. அந்த மைக்கு என்னன்னு கிட்டப் போயிப் பாத்தா, பழைய டெலிபோனு ரிசீவர்ல பேசற பக்கம் இருக்குமே, அதக் கழட்டி ஒயரு வெச்சு ஒட்டியிருக்குது. இன்னொரு பக்கம் கேசட்டு போடற டேப் ரிக்கார்டரு, பெல்ட்டு தொளதொளன்னு. கரண்டு வர்ற பிளக்கு லூசு. அந்த லூசு பிளக்குலயே மிக்ஸியும் சொருகியிருக்குது! மிக்ஸிக்கு ஸ்டுடியோவுல என்னங்க சோலி, சட்னி அரைக்கறதுக்கா?

நான் கேட்டேன். "மாப்பிள்ளை, கையில முடை போல. நல்ல சாமானமா ரெண்டு வாங்கித் தரட்டுங்களா?"

அவரு சிரிச்சாரு. கோவப்பட மாட்டாருங்க, அதுதான் அவருகிட்ட இருக்கற கெட்ட பழக்கம். எதுத்துப் பேசுனா நாமளும் ரெண்டு பேசலாம். உக்கார வெச்சு, ஏதோ நான் பள்ளிக்கூடத்துப் பையனாட்டம் வெளக்குனாரு. ஒரு படமாமா. கோயல் நோம்பி, அதான் திருவிழா, நடக்குது. மூணு வீதி தள்ளிக் கட்டியிருக்கற கூம்பு ஸ்பீக்கர்ல ஒரு அம்மா பேசுது, காணாமப் போன பையன மைக்குல கூப்புடுது. அந்தச் சத்தம் காத்துல அடிச்சுட்டுப் போயி, செவத்துல மோதி, ஒடஞ்சு ஒடஞ்சு அவன் காதுக்கு வருது. படமே அந்த ஒரு எடத்துலதான் நிக்குதாமா. "அந்தக் குரலு மூணு தெரு தாண்டி வந்த மாதிரி இருக்கணும் மாமா. பெரிய ஸ்டுடியோல எடுத்தா, அந்தம்மா பக்கத்துல உக்காந்து பேசற மாதிரியே இருக்கு. அதான் இதுக்குள்ள விட்டு எடுக்கறேன்." அந்தம்மா பேசுன டயலாக்கு நல்லா, சுத்தமா, ஏசி ரூமுல எடுத்து வெச்சிருக்குதுங்க. அத டேப்புல ஏத்துனா பெல்ட்டு தொளதொளப்புல குரலு ஆடுதாமா. அங்கிருந்து கொடத்து ஸ்பீக்கருக்கு உட்டா கிழிஞ்ச காகிதம் அதைக் கரகரங்க வெக்குதாமா. கொடத்துல முட்டி, வேட்டியில அமுங்கி, டின்னுல போயி உளுந்து, மைக்கு வழியா வெளிய வரும்போது மூணு வீதி தாண்டிருச்சாமா. மிக்ஸி எதுக்குங்கறீங்களா? அது ஓடுனா லைன்ல ஒரு உறுமலு கெடைக்குமாமா. ஜெனரேட்டரு பக்கத்துல நிக்கற மாதிரி.

போட்டுக் காட்டுனாரு. கேட்டேன். வெள்ளை வேட்டியச் சேத்துல முக்கி எடுத்துக் காயப்போட்ட மாதிரி இருந்துச்சு. "எப்படி மாமா?"ன்னாரு. என்ன சொல்றது, ஒரம்பரையா, விருந்தாளியா வந்த எடத்துல? "அந்தம்மாவுக்கு ஒடம்பு சரியில்லீங்களா?"ன்னு கேட்டேன்.

அம்மிணி வாசப்படியில நின்னுட்டு இருந்துச்சு. அது கண்ணுல தண்ணி. பாருங்க, புள்ளைக்கே தாங்கல, புருசன் பொழப்பு இப்படி இருக்குதேன்னு. பொறவு சமையல்கட்டுல மெதுவாச் சொல்லுச்சு, "ஆறேழு மாசமாத் தேடி இப்பத்தான் அந்தச் சத்தம் சிக்கியிருக்குதுங்கப்பா. டைரக்டருக்கு ஒரு துண்டு அனுப்புனாரு, அவரு சந்தோசத்துல குதிக்கறாரு. திங்கக்கெழமை நேர்ல வர்றாரு, அவரு முன்னாடியே மொத்த டயலாக்கையும் இதுல உட்டு எடுக்கோணும். இது அமைஞ்சா படம் பூரா இவருக்குத்தான். முத முதல்ல பெரிய படம்." அதோட நிறுத்தாம ஒண்ணு சொல்லுச்சு. "அப்பா, அந்த ரூமுல மட்டும் எதையும் தொட்டுராதீங்க. கும்புட்டுக் கேட்டுக்கறேன்."

சரி அம்மிணின்னு சொன்னனுங்க. ஆனா எனக்குப் புரிஞ்சது வேற. புள்ள என்ன சொல்லுதுன்னா, பெரிய மனுசன் வர்றாரு, அவரு முன்னால இந்த ஓட்டை ஒடசலைத்தான் வெக்கோணும், வேற கதியில்லைன்னு. தொடாதீங்கன்னா என்ன அர்த்தம்? ஒடச்சுராதீங்கன்னு அர்த்தம். நான் எந்தக் காலத்துலீங்க ஒடச்சேன்? சரி பண்றது தொடறதுல சேருமா, நீங்களே சொல்லுங்க.

ஞாயித்துக்கெழமை செங்கல்பட்டுல மாப்பிள்ளைக்குச் சொந்தத்துல புதுவீடு குடிபோறாங்கன்னு ரெண்டு பேரும் கெளம்பிட்டாங்க. என்னையும் கூப்புட்டாங்க. மொழங்கால் வலின்னேன். வலி இருந்துச்சுங்க, பொய் சொல்லல. ஆனா அதுக்காக நிக்கல.

அவிய படியெறங்குனதும் டூல்ஸு பொட்டியத் தொறந்தேன் பாருங்க. அட, எத்தன வருசமாச்சு அப்படி ஒரு நாளு கெடைச்சு! காயலாங்கடை மாதிரி ஒரு கடை பக்கத்துல, அங்க போயி அதே அளவுல புதுக் காகிதம் போட்ட ஸ்பீக்கரு வாங்குனேன். டேப்புக்குப் புது பெல்ட்டு. மண்டைய கழுவறதுக்கு ஸ்பிரிட்டு. டேப்போட மண்டையச் சொல்றேன், என்னுதில்ல. பழைய ஸ்பீக்கரக் கழட்டிப் பாத்தேன். கிழிசல் மட்டுமில்ல, காகிதத்துல குண்டூசியில குத்துன ஓட்டைக, வட்டம் வட்டமா, வரிசை தப்பாம, கோலப்புள்ளி மாதிரி. அட, எந்த வீட்டுச் சில்லுவண்டு இதுல வெளையாடியிருக்குதுன்னு திட்டிக்கிட்டே குப்பையில போட்டேன். அந்த ஊட்டுல கொழந்தையே இல்லைங்கறது எனக்கு அப்பறந்தான் ரோசன வந்துச்சு. அதுக்குள்ள குப்பை வண்டி வந்துட்டுப் போயிருச்சு.

வேலைன்னு எறங்கிட்டா அரைகொறையா உடறவன் இல்லீங்க நான். டின்னைச் சாம்பல் போட்டுத் தேச்சேன், துரு ஒரு பொட்டு இல்ல, மூஞ்சி பாக்கலாம். கொடத்தைப் புளி போட்டு வெளக்குனேன். எவர்சில்வருக்குப் புளி எதுக்குங்கறீங்களா? அழுக்கு எறங்குனாப் போதும், என்னத்தப் போட்டா என்ன. வேட்டியத் தொவைச்சுக் காயப்போட்டு மடிச்சு வெச்சேன். பிளக்கு மாத்தி, தனியா எர்த்து இழுத்து, மிக்ஸியக் கொண்டு போயி அது எடத்துல, சமையல்கட்டுல வெச்சேன். உறுமலாவது கிறுமலாவது, லைனு பச்சைத்தண்ணி மாதிரி இருந்துச்சு. டெலிபோனு மைக்க மட்டும் என்ன பண்றதுன்னு பாத்தேன். தட்டுனா அதுக்குள்ள கரித்தூளு கெடந்து ஆடுது, அதுக்கு வைத்தியம் கெடையாது. அலமாரியில ஒரு நல்ல மைக்கு பொட்டி பிரிக்காம இருந்துச்சு. இத்தன நல்ல மைக்க வெச்சுட்டு ஏன் இந்த மனுசன் இப்படிச் சாவறாருன்னு நெனச்சுக்கிட்டு, அத மாட்டி உட்டேன். தரையில சாக்பீஸ்ல கோடும் வட்டமுமா கிறுக்கிக் கெடந்துச்சு, பினாயில் ஊத்தி ரெண்டு வாட்டி தொடச்சேன். பொழுதோட எல்லாம் முடிச்சுக் கதவச் சாத்தும்போது, அந்த ரூமு கோயல் கருவறையாட்டம் இருந்துச்சு தம்பி. எம்பட ஊட்டுக்காரி இருந்திருந்தா, "ஏனுங், இத்தன நாளும் இந்த வேலைய நம்மூட்டுல பண்ணாமப் போயிட்டீங்களே"ன்னு ஒரு இடி இடிச்சிருப்பா.

அவிய வந்ததும் சொல்லல. காலைல பாக்கட்டும், அந்த மூஞ்சிகளப் பாக்கோணும்னு ஆசை. படுத்தா தூக்கம் வரலீங்க, கல்யாணத்துக்கு மொத நாளு மாதிரி.

திங்கக்கெழமை டைரக்டரு வந்தாரு. டைரக்டருன்னா நான் என்னமோ நெனச்சேன். தாடி வெச்ச பையன், கால்ச்சட்டை மொழங்காலோட நின்னு போச்சு. மாப்பிள்ளை அப்பத்தான் தலை தொவட்டிக்கிட்டு இருந்தாரு. வந்தவரு நேரா, "ப்ரோ, மொதல்ல அந்தச் சத்தத்தப் போடுங்க, அப்பறம்தான் காப்பி"ன்னுட்டு ரூமுக்குள்ள போயிட்டாரு. மாப்பிள்ளை பின்னாலயே போனாரு. நான் வாசப்படியில நின்னுக்கிட்டேன். அம்மிணி காப்பித் தட்டோட என் பின்னால.

உள்ள போன மாப்பிள்ளை அப்படியே நின்னாரு. கொடத்தப் பாத்தாரு, டின்னைப் பாத்தாரு. தரையப் பாத்தாரு. நெகம் கடிச்சாரு. டைரக்டரு அதுக்குள்ள உக்காந்து, "ம், போடுங்க"ங்கறாரு. போட்டாருங்க.

ஆகா! என்ன தெளிவு! அந்தம்மா, "ஏஞ்சாமி, எங்கடா போயிட்ட, ஊட்டுக்கு வாடா"ன்னு கூப்புடுது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா கேக்குது. மூணு வீதியா? ஒரு வீதி தள்ளிக்கூட இல்ல. நம்ம மடியில உக்காந்து பேசுது.

டைரக்டரு தாடியத் தடவுனாரு. பொறவு சொன்னாரு, "ப்ரோ, ரொம்பச் சுத்தமா இருக்கே."

நான் உடுவனா? "நாந்தானுங்க பண்ணுனேன்"ன்னு ஒரு அடி முன்னால வந்தேன். "நேத்து ஒரே நாள்ல, ஆளு அம்பு கெடையாது, தனியா." அவரு என்னைப் பாத்தாரு, மாப்பிள்ளையப் பாத்தாரு. "நல்லா பண்ணியிருக்கீங்க சார்"ன்னாரு. சினிமா டைரக்டரு வாயில வந்த வார்த்தைங்க. பின்னால தட்டுல டம்ளரு ஆடற சத்தம் கேட்டுச்சு.

இதுக்கு மேலதான் கூத்து. மாப்பிள்ளை ஒரு குண்டூசிய எடுத்துக்கிட்டு என்னோட புது ஸ்பீக்கரு மேல பாயறாரு! காகிதத்தக் குத்தறாரு, கிழிக்கறாரு. நான் போயிக் கையப் புடிச்சுக்கிட்டேன், "ஐயோ மாப்பிள்ளை, புதுசுங்க, நேத்துதானுங்க போட்டது!" கைய ஒதறல. மெதுவா எடுத்துட்டாரு. மறுபடி போட்டா, பர்ருங்குது, வேட்டி கிழியற மாதிரி. டைரக்டரு மண்டைய ஆட்டுனாரு. டெலிபோனு மைக்க மறுபடி மாட்டுனாரு, வேட்டிய நனைச்சுப் போட்டாரு, மிக்ஸியத் தூக்கியாந்தாரு, கொடத்த அக்கட்டால இக்கட்டால நவுத்துனாரு. முழங்கால் போட்டு உக்காந்து தரையத் தடவித் தடவிப் பாத்தாரு, அந்தச் சாக்பீஸ் வட்டம் எங்க இருந்துச்சுன்னு. அங்க என்னங்க இருக்கும்? பினாயில் வாசந்தான் இருக்கும்.

டைரக்டரு காப்பி குடிக்காமயே கெளம்பிட்டாரு. வாசல்ல செருப்பு மாட்டும்போது, "பரவால்ல ப்ரோ, பாத்துக்கலாம்"ன்னாரு. சினிமாக்காரங்க பரவால்லைன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதுங்க. ரெண்டு நாளு கழிச்சு அம்மிணி சொல்லித்தான் தெரிஞ்சுது. அந்த வேலை வடபழனில இன்னொருத்தருக்குப் போயிருச்சாமா. அவரு கொடமும் டின்னும் இல்லாம, கம்ப்யூட்டர்லயே கரகரப்பு போட்டுக் குடுத்துட்டாராமா.

எனக்கு ஒரே சிரிப்பு. "அதத்தானுங்க மாப்பிள்ளை நானும் சொல்றேன், பட்டனத் தட்டுனாக் கரகரப்பு வரும்னா, இத்தன நாளும் எதுக்கு இந்தக் காயலாங்கடை?"ன்னு கேட்டேன். அவரு அப்பவும் மரியாதையாத்தான் சொன்னாரு. "அது எல்லாருக்கும் கெடைக்கற கரகரப்பு மாமா. இது எனக்கு மட்டும் கெடைச்சுது." அப்பறம், "பரவால்ல மாமா, நீங்க நல்லதுன்னு நெனச்சுத்தானே பண்ணீங்க"ன்னாரு. பாருங்க, ஒத்துக்கிட்டாரு. நல்லதுன்னு அவரு வாயாலயே சொல்லிட்டாரு.

அதோட உட்டிருப்பேன். ஆனா புள்ளைக மூஞ்சி வாடிக் கெடக்குதேன்னு மனசு கேக்கலீங்க. ரங்கராசு மச்சினன் கோயமுத்தூர்ல பம்பு கம்பெனில டெஸ்டிங் செக்சன்ல இருக்கறான். அவனுக்குப் போன் போட்டேன். பம்பு ஓடும்போது காது குடுத்துக் கேக்கோணும், ஏதாவது சத்தம் வந்தா ஒதுக்கி வெக்கோணும், அவ்வளவுதான் வேலை. மாசம் பொறந்தாச் சம்பளம். கேக்கறதுதான தொழிலு, எதக் கேட்டா என்ன? சோத்துல உக்காந்திருக்கும்போது இதச் சொன்னேன். "எல்லாரும் நம்மூருக்கே போயிரலாங்க மாப்பிள்ளை. நம்மூட்டுல கீழ நீங்க, மேல நான்."

மாப்பிள்ளை தலையக் குனிஞ்சு சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருந்தாரு. அம்மிணி கரண்டியக் கீழ வெச்சுது. வெச்சுட்டு, "அப்பா, நாளன்னிக்கு உங்களுக்கு ரயிலு டிக்கெட்டுப் போட்டிருக்கறேன்"னு சொல்லுச்சு.

"எதுக்கு அம்மிணி?"ன்னேன்.

"பத்து நாளைக்குன்னுதானுங்கப்பா சொன்னீங்க. பதினஞ்சு ஆச்சு."

அது சரிதானுங்க. நான் சொன்னதுதான். எம்பட வார்த்தைய நானே மாத்த முடியுமுங்களா? "ஆமா ஆமா, எனக்கும் ஊருல சோலி கெடக்குது"ன்னு சொல்லிட்டு மோர ஊத்திக்கிட்டேன். சோறு எறங்கல தம்பி. அரிசி சரியா வேகல போல.

கெளம்பறதுக்கு முன்னால அந்த ரூமுப் பக்கம் எட்டிப் பாத்தேன். போயிட்டு வர்றனுங்க மாப்பிள்ளைன்னு சொல்லோணுமல்ல? அவரு புதுசா ஒரு டிரான்சிஸ்டரப் பிரிச்சு வெச்சுக்கிட்டு குண்டூசில குத்திக் குத்திக் காதுகிட்ட வெச்சுக் கேட்டுட்டு இருந்தாரு. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு, "போயிட்டு வாங்க மாமா"ன்னு காலத் தொட்டுக் கும்புட்டாரு. நல்ல பையன். புத்திதான் கம்மி.

அம்மிணிதான் இன்னிக்கு சென்ட்ரலுக்குக் கூட்டியாந்துச்சு. தண்ணி பாட்டலு வாங்கிக் குடுத்துச்சு, மாத்திரைய எடுத்துச் சட்டைப் பையில வெச்சுது. சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு, அப்படியே எங்கியோ பாத்துட்டு இருந்துச்சு. நான் சும்மா பேச்சுக்குக் கேட்டேன், "அம்மிணி, வர்றதுக்கு முன்னால அந்த மாடிப்படி லைட்டச் சரி பண்ணலாம்னு இருந்தேன், மறந்துட்டேன் பாரு. அடுத்த வாட்டி வந்து பண்ணிக்கறேன்."

புள்ள சொல்லுச்சு, "எங்க ஊட்டுல இனி நீங்க சரி பண்றதுக்கு ஒண்ணும் இல்லீங்கப்பா."

ஒரு வேலைக்காரனுக்கு இதவிட என்னங்க சர்ட்டிபிகேட்டு வேணும்? எனக்குப் பெருமையா இருந்துச்சு. பெருமையாத்தான் இருந்துச்சு. அப்பறம் எப்ப வரட்டும்னு கேட்டேன். "நாங்களே வர்றோமுங்கப்பா"ன்னுது. எப்பன்னு சொல்லல. நானும் கேக்கல. வண்டி கெளம்பிருச்சு. நான் கைய ஆட்டுனேன், அது திரும்பி நடந்துருச்சு. திரும்பிப் பாக்கலீங்க. கூட்டத்துல எனக்குத்தான் தெரியலயோ என்னமோ.

இல்ல தம்பி, தண்ணியெல்லாம் வேண்டாம். கண்ணுல தூசி. சன்னலச் சித்த எறக்கி உடுங்க.

இப்ப எனக்கு ஒரே கவலை ரங்கராசுதான். அத்தன பேரு முன்னாடி டீ வாங்கிக் குடுத்து, கடைசி வரைக்கும்னு சொல்லிப்போட்டு வந்தேன். நாளைக்குக் காலைல போயி நின்னா, "என்னங்க ஃபோர்மேன், கடைசி வந்துருச்சா?"ம்பான். வாயாடி. மெட்ராஸ்ல தண்ணி ஒத்துக்கலைன்னு சொல்லலாம்னு இருக்கறேன். நல்லா இருக்குமுங்களா? நம்பற மாதிரி இருக்குதுங்களா?

நீங்க திருப்பூருங்கறீங்க, அடிக்கடி கோயமுத்தூரு வருவீங்கதானுங்க? ஒரு நாளு நம்ம ஊட்டுக்கு வாங்க. எப்ப வேணும்னாலும் வாங்க, சொல்லாமக்கூட வாங்க, ஆளு இருக்கும். வந்து பாருங்க ஒரு ஊடு எப்படி இருக்கோணும்னு. கேட்டு தொறந்தாச் சத்தம் வராது. ஃபேனு சுத்தறது காத்து வந்தாத்தான் தெரியும். பிரிட்ஜுக்கு அடியில ரப்பரு குடுத்திருக்கேன், ஓடுதா நின்னுருச்சான்னு கைய வெச்சுத்தான் பாக்கோணும். கெடிகாரம் டிக்கு டிக்குன்னுது, அதுக்கும் ஒரு வழி பண்ணிட்டேன். எம்பட ஊட்டுக்காரி ஒருத்திதான் எனக்கு அடங்கல. பாத்திரத்த டமார்னு வெப்பா, தண்ணி மோந்தாக் கூட ஊருக்கே கேக்கும், வாயத் தொறந்தா மூணு வீதிக்கு. எத்தனையோ சொல்லிப் பாத்தனுங்க. இப்ப அந்தச் சத்தமும் இல்ல. காலைல எந்திரிச்சு நான் ஒருக்கா இருமுனாத்தான், ஊட்டுல ஆளு இருக்குதுன்னு எனக்கே தெரியுது.